எட்டே முக்காலா, பதினொன்றா?

டேப் வாங்கப் போகிறவர்கள் கையோடு ஒரு டேப்பும் எடுத்துப் போவது நல்லது. நான் சொல்வது தையல்காரர் கழுத்தில் தொங்குமே, அந்த அளவு நாடாவை. அதோடு ஒரு துண்டு அட்டை, ஒரு தேயிலைப் பொட்டலம். இந்த மூன்றும் இருந்தால் இந்த அத்தியாயத்தில் பாதி வேலை முடிந்த மாதிரி.

கேரள-தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: “ஏனுங்க, எட்டு வாங்கறதா, பத்து வாங்கறதா?” நான் திருப்பிக் கேட்பேன்: “வாங்கி எங்கீங்க வைப்பீங்க?” கேட்டவர் சிரிப்பார். அலமாரியில்தான் வைப்பேன், வேறெங்கே என்பார். கிண்டலுக்குக் கேட்பதில்லை. பயன்படுத்தும் நேரத்தில் அது எதன்மேல் இருக்கப் போகிறது? கையிலா, மடியிலா, மேசைமேலா, அரிசி டின்னில் சாய்ந்தா? இதற்கு விடை தெரிந்தால் அளவு தானாக வந்து விழும். யார் பார்க்கப் போகிறார்கள், எதற்கு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ரேமும் ஸ்டோரேஜும் போன அத்தியாயத்தோடு போயிற்று. இங்கே அளவு மட்டும்.

முதலில் இஞ்ச் கணக்கு. கடைக்காரர் சொல்லும் இஞ்ச், திரையின் மூலைக்கு மூலை அளவு. அகலமும் அல்ல, உயரமும் அல்ல. அதனால்தான் எண் ஏமாற்றுகிறது. ஒப்பிடுவதற்கு ஒரே குடும்பத்தில் பிறந்த அண்ணன் தம்பி இரண்டை எடுத்துக்கொள்கிறேன்: 2023 அக்டோபரில் வந்த சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9, ஏ9 பிளஸ். இவற்றைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் கடைக்குப் போகும்போது புதியவை வந்திருக்கும். ஆனால் சந்தையில் கிடைக்கும் சின்ன டேப், பெரிய டேப் பெரும்பாலும் இந்த இரண்டின் அளவை ஒட்டித்தான் இருக்கும்.

சின்னது 8.7 இஞ்ச். அதன் திரை சுமார் 11.3 சென்டிமீட்டர் அகலம், 19 சென்டிமீட்டர் உயரம். பெரியது 11 இஞ்ச், 14.8 அகலம், 23.7 உயரம். இஞ்சில் பார்த்தால் வித்தியாசம் இரண்டேகால் சொச்சம்தான். பரப்பில் பார்த்தால் பெரியது சின்னதைவிட அறுபது சதவீதத்துக்கு மேல் கூடுதல். மூலைக்கோட்டில் கொஞ்சம் கூடினாலும் பரப்பில் நிறையக் கூடும். சமையலறைக்கு ஓடு பதித்தவர்களுக்கு இது புரியும்.

போன் வைத்திருப்பவர்கள் இன்னொரு கேள்வி கேட்பார்கள்: “என் போனே 6.6 இஞ்ச். 8.7 வாங்கி என்ன லாபம்?” லாபம் உண்டு. போன் நெடுக வளர்ந்த ஒல்லிப்பிள்ளை. அதைப் படுக்கவைத்து ஒரு வீடியோ ஓட்டினால் படத்துக்குக் கிடைக்கும் இடம் சுமார் 84 சதுர சென்டிமீட்டர். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. அதே வீடியோ 8.7 டேப்பில் 200 சதுர சென்டிமீட்டரைத் தாண்டும், 11 இஞ்சில் 300க்கு மேல் போகும். ஆக, போனிலிருந்து சின்ன டேப்புக்கு மாறுவதே பெரிய தாவல். சின்னதிலிருந்து பெரியதற்குப் போவது அடுத்த படி. கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது சின்னது பரிதாபமாகத் தெரியும். உங்கள் போனையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள், அந்தப் பரிதாபம் போய்விடும்.

சின்ன டேப்பை ஆப்பிள் நிறுவனரே மதிக்கவில்லை. 2010இல் 9.7 இஞ்ச் ஐபேடைக் கொண்டுவந்த ஸ்டீவ் ஜாப்ஸ், அதே ஆண்டு அக்டோபரில் 7 இஞ்ச் டேப்பைக் கேலி செய்தார்; அதில் வேலை பார்க்க விரல் நுனியைத் தேய்த்துச் சின்னதாக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். அவர் இறந்தது 2011 அக்டோபர் 5. அதே தேதியில்தான் டெல்லியில் கபில் சிபல் ‘ஆகாஷ்’ டேப்பை வெளியிட்டார், இந்திய மாணவர்களுக்கான மலிவு விலைக் கருவி என்று. அது 7 இஞ்ச். அடுத்த ஆண்டே ஆப்பிளும் 7.9 இஞ்சில் ஐபேட் மினியைக் கொண்டுவந்தது. ஆகாஷைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: தொட்டால் போதாது, அழுத்த வேண்டும். அந்த முதல் வகைத் திரை அப்படி. சின்ன டேப் என்றாலே மட்டம் என்ற எண்ணம் நம் ஊரில் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என் சந்தேகம். அது திரையின் குற்றம், அளவின் குற்றமல்ல.

இனி விஷயத்துக்கு வருவோம். எல்லைப் பகுதித் தமிழ் வீடுகளில் டேப் வாங்குவதற்கு முதல் காரணம் பிள்ளைகளின் படிப்பு. 2020 ஜூன் 1ஆம் தேதி கைட் விக்டர்ஸில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கியபோது கேரளம் முழுவதும் திரையைத் தேடி ஓடியது. தமிழ் மீடியத்துக்கும் தனியாக வகுப்புகள் வந்தன. ரேஞ்ச் கிடைக்கும் மேடு எது என்று தேடித் தோட்டத்துப் பிள்ளைகள் மலையேறிய காலம் அது. (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு சொல்: சிக்னல் என்று நீங்கள் சொல்வதை நாங்கள் மலையாளிகளைப் பார்த்து ரேஞ்ச் என்போம்.) பள்ளிகள் திறந்தபின் அந்த அவசரம் போய்விட்டது. ஆனால் பாடநூல் பிடிஎஃப், மாதிரி வினாத்தாள், வாட்ஸ்அப்பில் டீச்சர் அனுப்பும் பக்கங்கள் என்று பழக்கம் நின்றுவிட்டது. எஸ்சிஇஆர்டி தமிழ் மீடியப் பாடநூல்களையும் பிடிஎஃப் ஆகவே தருகிறது.

பிடிஎஃப் என்றதும் அளவின் சூட்சுமம் தொடங்குகிறது. தமிழில் நாம் திரையில் படிப்பவை இரண்டு சாதி. ஒன்று, யூனிகோடில் உள்ள எழுத்து: செய்தித் தளங்கள், வாட்ஸ்அப் செய்தி, இபப் நூல்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடிந்து திரைக்குள் அடங்கும். இவற்றுக்குச் சின்ன டேப் தாராளம். ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் இபபோடு 6 இஞ்ச் திரைக்கென்றே தனி பிடிஎஃப்பும் வைத்திருக்கிறார்கள். அவர்கள் சின்னத் திரையை மதிப்பவர்கள். இன்னொன்று, பக்கமாகவே உறைந்துபோன எழுத்து: ஸ்கேன் செய்த பழைய நூல், வினாத்தாள், அரசு உத்தரவு, நூலகம் தளத்தில் கிடைக்கும் ஈழத்து இதழ்கள், தமிழ் மின்னூலகத்தின் அரிய பதிப்புகள். இவை மடியாது. பெரிதாக்கினால் வரியின் வால் திரைக்கு வெளியே போய்விடும். இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது போல.

இதற்கொரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். அதை 11 இஞ்ச் டேப்பில் நிமிர்த்தி வைத்துப் பார்த்தால் எழுபது சதவீத அளவில் தெரியும். 8.7இல் ஐம்பத்து நாலு சதவீதம். வினாத்தாளில் 12 புள்ளி அளவில் அச்சான எழுத்து பெரியதில் எட்டரைப் புள்ளியாகவும் சின்னதில் ஆறரைப் புள்ளியாகவும் சுருங்கும். ஆறரைப் புள்ளி என்பது மருந்துப் பெட்டிக்குள் ஒரு சீட்டை மடித்து வைத்திருப்பார்களே, அதன் அளவை நெருங்கும் எழுத்து. ஆங்கிலத்துக்கு அது போதலாம். தமிழுக்கு ஒற்றெழுத்தின் புள்ளி, ணகர னகரச் சுழி, கி கீ மேல் இருக்கும் வளைவு எல்லாம் அந்த அளவில் கரைந்துவிடும். போதாக்குறைக்கு இந்த அண்ணன் தம்பி இரண்டில் சின்னதின் திரை நுணுக்கமும் குறைவு: 1340க்கு 800 புள்ளிகள். பெரியதில் 1920க்கு 1200. சின்னதில் எழுத்து சின்னதாகவும் தெரியும், கொஞ்சம் மங்கலாகவும் தெரியும்.

இந்த இடத்தில் பெரியதை வாங்கிவிடலாம் என்று எழுந்துவிடாதீர்கள். ஒரு தந்திரம் இருக்கிறது. சின்னதைப் படுக்கவையுங்கள். இப்போது அகலம் 19 சென்டிமீட்டர். ஏ4 பக்கம் தொண்ணூறு சதவீதத்தில் தெரியும். நிமிர்ந்து நிற்கும் பெரியதைவிட எழுத்து பெரிது! முழுப்பக்கம் ஒரே பார்வையில் கிடைக்காது, மேலும் கீழும் தள்ள வேண்டும், அவ்வளவுதான். கதை, வரலாறு, சமூக அறிவியல் என்றால் அது ஒரு தொந்தரவே இல்லை. கணக்கும் இயற்பியலும்தான் தகராறு. படம் மேலே இருக்கும், கேள்வி கீழே இருக்கும். பிள்ளை படத்தைப் பார்க்க மேலே போய், கேள்விக்குக் கீழே வந்து, நாலு முறை போய்வந்தபின் டேப்பை மூடிவைத்துவிடும். பத்தாம் வகுப்பைத் தாண்டி அறிவியல் எடுக்கும் பிள்ளைக்கு இதற்காகவே பெரியது வேண்டும், மேசை இருக்கும் பட்சத்தில்.

மேசை. அங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன்.

என் அக்காவை மூணாறுப் பக்கம் எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவள் மகள் ஒன்பதாம் வகுப்பு வந்தபோது, மாமன் கடமை என்று நினைத்து, வீட்டிலிருந்தபடியே ஒரு 11 இஞ்ச் டேப்பை ஆர்டர் செய்து அனுப்பினேன். பெரிதாக வாங்கினால் படிப்பும் பெரிதாக வரும் என்று ஒரு எண்ணம். இரண்டு தப்பு செய்தேன். அது சிம் போடாத, வைஃபை மட்டும் உள்ள வகை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஏது வைஃபை? இரண்டாவது, லயத்து வீட்டை நான் நினைத்தே பார்க்கவில்லை. ஒரு அறை, ஒரு அடுக்களை, முன்னால் ஒரு சின்னத் திண்ணை. கட்டில் போட்டால் மேசைக்கு இடமில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் லயம் கட்டினவர்கள் படிக்கும் பிள்ளையை மனதில் வைத்துக் கட்டவில்லை.

நான் போனபோது அந்த டேப் அரிசி டின்னில் சாய்ந்து நின்றது. அறையின் ஒரே பல்பு பின்னாலிருந்து அதில் விழுந்து, படத்தின் நடுவில் ஒரு வெள்ளை நிலா. பிள்ளை தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறாள்.

“கையில எடுத்துப் படிக்கலாமே கண்ணு?”

“கை கடுக்குது மாமா. படுத்துக்கிட்டுப் பாத்தா மூஞ்சியில விழுதுங்க.”

அக்கா அடுக்களையிலிருந்து சொன்னாள்: “தம்பி, நீ வாங்கிக் குடுத்ததுன்னு சொல்லித்தான் அதைப் பொட்டியில வெக்காம வெளிய வெச்சிருக்கேன்.”

அன்றைக்குத்தான் பொட்டலச் சோதனையைக் கண்டுபிடித்தேன். பெரிய டேப்பின் எடை 480 கிராம். அதாவது அரைக்கிலோத் தேயிலைப் பொட்டலம். சின்னது 332, கால் கிலோப் பொட்டலத்தோடு ஒரு சின்னப் பாக்கெட்டைச் சேர்த்தால் வரும். எல்லைப் பகுதியில் தேயிலைப் பொட்டலம் இல்லாத வீடு இல்லையே. ஒரு பழைய அட்டைப்பெட்டியில் இரண்டு துண்டு வெட்டுங்கள்: ஒன்று 21.1க்கு 12.5 சென்டிமீட்டர், இன்னொன்று 25.7க்கு 16.9. திரையைச் சுற்றியுள்ள விளிம்பையும் சேர்த்த உடம்பு அளவு இது. பொட்டலத்தை அட்டையின் பின்னால் ரப்பர் பேண்டால் கட்டி, டேப் போலக் கையில் பிடித்துக்கொண்டு, நீங்கள் வழக்கமாகப் படம் பார்க்கும் இடத்தில் உட்காருங்கள். இருபது நிமிஷம். டிவி ஓடட்டும், பரவாயில்லை. ஆனால் கையை இறக்கக் கூடாது.

முதல் ஐந்து நிமிஷம் இரண்டும் ஒன்றுதான். பத்தாவது நிமிஷத்தில் பெரிய அட்டையைப் பிடித்த கை முட்டியைத் தேடும். பதினைந்தில் அது மடியில் வந்து உட்கார்ந்திருக்கும். சின்னதை ஒரே கையால் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். உள்ளங்கை விரிந்த ஆண்களுக்கு முடியும், பிள்ளைகளுக்குக் கட்டைவிரல் திரைமேல் ஏறும். இதில் கவரின் எடை சேரவில்லை. ஸ்டாண்டாக மடியும் கவரைப் போட்டால் பெரியது முக்கால் கிலோவை நெருங்கிவிடும். கடையில் இரண்டு நிமிஷம் தூக்கிப் பார்ப்பதில் இதெல்லாம் தெரியாது. அங்கே உற்சாகமே பாதி எடையைத் தூக்கிவிடும்.

சோதனை முடிந்ததும் நானும் அக்கா மகளும் ஒரு முடிவுக்கு வந்தோம். பெரிய டேப் சித்தூர்ப் பக்கம் என் அம்மாவிடம் வந்தது. பிள்ளைக்குச் சிம் போடும் வகையில் ஒரு சின்ன டேப். படுக்கவைத்துப் படிப்பதைச் சொல்லிக் கொடுத்தேன். கணக்கு வினாத்தாளை மட்டும் மூணாறு டவுனில் பிரிண்ட் எடுத்துக்கொள்கிறாள். தாளில் எழுதிப் பார்க்க வேண்டியதைத் தாளிலேயே வைத்துக்கொள்வதில் குறை ஒன்றும் இல்லை.

அம்மாவின் கதை நேர் எதிர். அவளுக்கு நாற்காலி உண்டு, டீப்பாய் உண்டு, கண்ணில்தான் வெளிச்சம் குறைவு. ஸ்டாண்டில் நிறுத்திய பெரிய டேப் அவளுக்கு முகத்திலிருந்து ஒன்றரை அடி, இரண்டடி தூரத்தில் நிற்கிறது. வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு அந்தத் தூரம்தான் வசதி; கிட்டே கொண்டுவரக் கொண்டுவர மங்கும். சின்ன டேப்பை அந்தத் தூரத்தில் வைத்தால் எழுத்து போதாது, கிட்டே கொண்டுவந்தால் கண் ஒத்துழைக்காது. வயதானவர்களுக்கு ‘கைக்கு அடக்கமாக’ என்று சின்னதை வாங்கித் தருவது பிள்ளைகள் செய்யும் பொதுவான பிழை. அவர்கள் கையில் பிடிக்கப் போவதே இல்லை. வளைகுடாவிலிருந்து வீடியோவில் பேரன் வரும்போது அவன் முகம் நிஜ முகத்தின் அளவுக்குக் கொஞ்சமாவது கிட்டே வரட்டும். வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: படுக்கவைத்தால் முன் கேமரா மேல் விளிம்பின் நடுவில் வருகிறதா? ஓரத்தில் வந்தால் அம்மா எப்போதும் வேறு யாரையோ பார்த்துப் பேசுவது போலவே மறுமுனையில் தெரியும்.

தட்டச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன டேப்பை நிமிர்த்திப் பிடித்தால் இரண்டு கட்டைவிரலும் நடுவில் சந்திக்கும். போன் போலவே தமிழ் அடிக்கலாம். பெரியதில் சந்திக்காது. மேசைமேல் வைத்து மற்ற விரல்களால் அடிக்க வேண்டும், இல்லையென்றால் ஜிபோர்டில் மிதக்கும் விசைப்பலகையைத் தேர்ந்து ஓரமாக ஒதுக்கிக்கொள்ள வேண்டும். தமிழ்99 பழகியவர்களுக்குப் பெரிய திரையில் விசைகள் பெரிதாக இருப்பது சுகம். அம்மாவுக்கு எதுவும் வேண்டாம். மைக்கை அமுக்கிப் பேசுவாள். எங்கள் வீட்டுப் பேச்சில் பாதிச் சொல்லை அது வேறு ஏதோவாக எழுதும். அதைத் திருத்தாமல் அப்படியே அனுப்பிவிடுவாள்.

நம் மண்ணுக்கென்று சில விஷயங்கள். பாலக்காட்டுக் கணவாயில் மார்ச், ஏப்ரலில் 40 டிகிரி தாண்டும் நாட்கள் உண்டு. ஐபேடை 0 முதல் 35 டிகிரி வரைதான் பயன்படுத்தலாம் என்று ஆப்பிள் சொல்கிறது. கொழிஞ்சாம்பாறையில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் 35 என்பது குளிர்ச்சி. சூடேறினால் திரை தானாக மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும். கருவி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். நிழலில் வையுங்கள், ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். (வைத்தவரை எனக்குத் தெரியும்.) மூணாறில் இதற்குத் தலைகீழ். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் சில எஸ்டேட்டுகளில் புல்மேல் உறைபனி பூக்கும். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. வீட்டுக்குள் அவ்வளவு குளிராது என்றாலும், ஜன்னலோரம் வைத்து ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடும் பழக்கம் வேண்டாம். வெப்பமோ குளிரோ சின்னது பெரியது பார்ப்பதில்லை.

மழைதான் பார்க்கும். இடவப்பாதி மழையில் ஜீப்பிலிருந்து இறங்கி லயம் வரை நடக்கிற தூரத்தில், சின்ன டேப்பை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பைக்குள் புத்தகங்களுக்கு நடுவில் செருகிவிடலாம். பெரியது பள்ளிப் பையின் பின்பக்கம் முதுகோடு ஒட்டிப் போகும். ஜீப்பில் சாய்ந்து உட்கார்ந்தால் அதன்மேல் ஆள் சாய்வான். நனைந்த திரை ஒவ்வொரு துளியையும் விரல் என்று எண்ணிக்கொள்ளும் என்பதையும் பழகிக்கொள்ள வேண்டும். துடைத்தால் சரியாகும். கொழுந்து கிள்ளிக் கிள்ளித் தோல் தடித்த விரலைச் சில திரைகள் எளிதில் உணராது. அக்கா நாலு முறை தட்டுவாள், ஐந்தாவது முறை இரண்டு வேலை சேர்ந்து நடக்கும். அவளுக்குப் பெரிய திரையின் பெரிய பொத்தான்தான் உதவும். சில கருவிகளில் தொடு உணர்வைக் கூட்டும் வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

கரண்ட் போனால்? சின்னதின் பேட்டரி 5100 எம்ஏஎச், பெரியதில் 7040. பெரியதுதான் அதிக நேரம் ஓடும் என்று நினைக்கத் தோன்றும். பெரிய திரைக்கு வெளிச்சம் தரவே அந்தக் கூடுதலில் பெரும்பங்கு போய்விடும். வித்தியாசம் தெரிவது நிரப்பும்போது. 10,000 எம்ஏஎச் என்று எழுதிய பவர் பேங்க், வழியில் இழப்பது போக, தன் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குதான் தரும். சின்னதை ஒருமுறை முழுக்க நிரப்பி, போனுக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கும். பெரியதை ஒருமுறை நிரப்புவதற்கே மூச்சு வாங்கும். மரம் விழுந்து இரண்டு நாள் லைன் வராத ஊர்களில் இருப்பவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரேஞ்ச் விஷயத்தில் என் பிழையை நீங்கள் செய்ய வேண்டாம். வைஃபை மட்டும் உள்ள டேப்புக்குப் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுக்கலாம். ஆனால் போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டால் டேப் வெறும் சிலேட்டு. கொழிஞ்சாம்பாறை டவுன், சித்தூர், குமுளி போல வீட்டுக்கு ஃபைபர் வரும் இடங்களில் வைஃபை வகை போதும், அந்தக் காசைப் பெரிய திரையில் போடலாம். தோட்டப் பகுதியிலும் வட்டவடை, காந்தளூர்ப் பக்கமும் இருப்பவர்கள் அளவில் ஒரு படி இறங்கியாவது சிம் வகையை வாங்குவது புத்திசாலித்தனம். வேலந்தாவளம், கோபாலபுரம் எல்லையில் இருப்பவர்கள் போனுக்கு வரும் ‘தமிழ்நாடு வரவேற்கிறது’ குறுஞ்செய்தியைக் கண்டு பயப்பட வேண்டாம். திண்ணையில் ஒரு மாநில டவர், கொல்லையில் இன்னொரு மாநில டவர் என்பது நமக்குப் பழக்கம்தான்.

வேலைக்கு என்று வாங்குகிறவர்களுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. முதலமடை மாந்தோப்பில் நின்றுகொண்டு கணக்கு பார்ப்பவர், பூப்பாறையிலிருந்து போடிக்குப் போய்வரும் ஏலக்காய் வியாபாரி, மறையூரில் கரும்பு வெட்டுக் கூலியைக் குறித்துக்கொள்பவர், எல்லாருக்கும் சின்னதுதான். நின்றபடி ஒரு கையில் பிடித்து மறுகையால் தட்ட வேண்டியவர்கள் இவர்கள். வெயிலில் திரை தெரியாவிட்டால் சின்னதைத் தன் நிழலுக்குள் மறைத்துப் பார்த்துவிடலாம். அதே ஏலக்காய் வியாபாரி சாயங்காலம் புற்றடி ஏல விலைப் பட்டியலைப் பரப்பி வைத்துப் போன வாரத்தோடு ஒப்பிடுகிறவர் என்றால், பத்தி பத்தியாக எண்கள் நிறைந்த அந்தத் தாளுக்குச் சின்னது போதாது. அதற்கு டேப்பையே விட்டுவிட்டு ஒரு பழைய லேப்டாப் வாங்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு வீட்டுக்கு ஒரே டேப்தான், நாலு பேர் பங்குபோட வேண்டும் என்றால்? அப்போது நான் பெரியதன் பக்கம் சாய்வேன், லயத்து வீட்டுக்கும்கூட. நாலு பேர் சேர்ந்து பார்க்கும்போது யாரும் கையில் பிடிப்பதில்லை. அரிசி டின்னில் சாய்த்தாலும் பல்பை ஒரு பக்கமாக மாற்றிக்கொள்ளலாம். ஒருத்திக்கு மட்டும், அவள் பையில், அவள் கட்டிலில் என்றால் சின்னது. இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மூத்தவருக்குப் பெரியது, இளையவருக்குச் சின்னது என்று பிரிக்க வேண்டாம். சண்டை திரையின் அளவில்தான் தொடங்கும்.

கடையில் பெட்டியைப் பிரித்ததும் வீடியோ போட்டுக் காட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். எந்தத் திரையிலும் கடை வீடியோ அழகாகத்தான் இருக்கும். முன்கூட்டியே உங்கள் போனில் மூன்றை இறக்கி வைத்துக்கொண்டு போங்கள்: பிள்ளையின் பாடநூலில் படம் நிறைந்த ஒரு பக்கம், போன ஆண்டு வினாத்தாள் ஒன்று, ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம். இரண்டு டேப்பிலும் திறக்கச் சொல்லி, நிமிர்த்தி ஒருமுறை, படுக்கவைத்து ஒருமுறை, கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடு படியுங்கள். ஒரு பத்தியைச் சத்தமாகவே படிக்கலாம். கடைப்பையன் முறைப்பான், முறைக்கட்டும். தடுக்கும் இடங்களில் குற்றம் கண்ணில் இல்லை. ஸ்டாண்டாக மடியும் கவரையும் அங்கேயே போட்டுப் பார்த்து, அதன் எடையோடு சேர்த்து ஒருமுறை தூக்குங்கள்.

அட்டைத் துண்டுகளை அக்கா தூக்கி எறியவில்லை. சின்னதை அவள் மகள் புத்தக அடையாளமாக வைத்திருக்கிறாள். பெரியது அடுக்களையில் இருக்கிறது. புகை சுற்றும் மழைநாளில் அடுப்பை விசிற அந்த அளவுதான் சரியாம்.